பகற்கனவு கட்டுமீறும்போது: ஓர் எளிய விளக்கம்

பகற்கனவு காணாதவர் யாரும் இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் கைப்பேசிக்கு நாளின் ஏதோ ஒரு நேரத்தில் செய்தி அனுப்பி, “இப்போது உங்கள் மனம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் ஏறக்குறைய பாதியில், அதாவது 46.9 விழுக்காட்டில், மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. அதனால் வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனையோ, சமைக்கும்போது வேறு ஏதோ யோசனையில் சிரிக்கும் அம்மாவையோ பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கட்டுரை வேறொன்றைப் பற்றியது. கோலாலம்பூரில் வங்சா மாஜுவில் குடியிருந்து பங்சாரில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் எல்.ஆர்.டி. நகர ரயிலில் ஏறியதும் காதில் இயர்போனைச் செருகி, எப்போதும் போடும் அதே பாட்டைப் போடுகிறார். அடுத்த நொடி அவர் ரயிலில் இல்லை. புக்கிட் ஜாலில் அரங்க மேடையில் பாடிக்கொண்டிருக்கிறார். முதல் வரிசையில் அவருடைய அண்ணன் கைதட்டுகிறார். நிஜத்தில் அவருக்கு அண்ணனே கிடையாது. அந்த அண்ணனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது, போன வருடம் நடந்த ஒரு விபத்தும் அதிலிருந்து மீண்டு வந்த கதையும் இருக்கிறது. இந்தக் கதை அவர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 படிக்கும்போது தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. வங்சா மாஜு வந்து போனது தெரியவில்லை. தாமான் மெலாத்தியும் போய்விட்டது. கடைசி நிலையமான கோம்பாக்கில் எல்லாரும் இறங்கும்போதுதான் அவருக்கும் நினைவு வருகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, சுவருக்குச் சுவர் நடந்தபடி, உதடு அசைய, நள்ளிரவு தாண்டும்வரை தொடர்கிறது. சோறு ஆறிவிட்டது. அக்கா அனுப்பிய வாட்சாப் செய்திக்குப் பதில் போகவில்லை. நாளைக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கை திறக்கப்படவே இல்லை.

இதைக் கட்டுமீறிய பகற்கனவு என்று சொல்லலாம். இணையத்தில் தேடுகிறவர்கள் மால்அடாப்டிவ் டேட்ரீமிங் என்ற பெயரில் தேடினால் கிடைக்கும்.

இதை அடையாளம் காட்டுவது கனவின் அளவு மட்டும் இல்லை. கதை நீளமானது, கதாபாத்திரங்கள் நிலையானவர்கள், சிலருக்கு ஒரே கதை பத்து இருபது ஆண்டுகள்கூட ஓடும். தொடங்குவதற்குப் பெரும்பாலும் இசை உதவுகிறது. உடம்பும் சேர்ந்துகொள்கிறது: நடப்பது, ஆடுவது, கையில் ஏதாவது ஒரு பொருளைச் சுழற்றுவது, முகபாவம் மாறுவது, முணுமுணுப்பது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதால் தனிமை தேவைப்படுகிறது. நடுவில் யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தாலும் முடியவில்லை. இவ்வளவும் இருந்து, படிப்போ வேலையோ உறவோ இதனால் அடிபடுகிறது, மனம் வேதனைப்படுகிறது என்றால்தான் அதைப் பிரச்சினை என்கிறோம். கதை எழுதுகிறவர்கள், ஓவியம் வரைகிறவர்கள் எத்தனையோ பேர் மணிக்கணக்கில் கற்பனையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை என்றால் அதற்கு எந்தப் பெயரும் வைக்கத் தேவையில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். இப்படிக் கனவு காண்கிறவருக்கு அது கனவு என்று நன்றாகத் தெரியும். அந்த அண்ணன் இல்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். காதில் குரல் கேட்பதும், இல்லாத ஆளை இருப்பதாக நம்புவதும் வேறு. அவை மனச்சிதைவு போன்ற நோய்களின் அறிகுறிகள், அவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தனியாகச் சிரிக்கிறாள், தனியாகப் பேசுகிறாள் என்பதை மட்டும் வைத்து “காத்து கருப்பு அண்டிவிட்டது” என்று மந்திரிக்க அழைத்துப் போனால், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு இன்னும் பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் போகும். கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. மனசுக்கு ஆறுதல் கிடைத்தால் நல்லதுதான். பிள்ளைக்கு ஏதோ பிடித்துவிட்டது என்ற முடிவோடு போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இந்தப் பழக்கத்துக்குப் பெயர் கிடைத்ததே அண்மையில்தான். இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஈலி சோமர் 2002ல் தம்மிடம் சிகிச்சைக்கு வந்த ஆறு பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிறு வயதில் கடும் துன்பங்களைச் சந்தித்த அவர்கள், உள்ளே ஓர் உலகத்தை அமைத்துக்கொண்டு அங்கேயே வாழ்ந்தார்கள். கட்டுரை வெளியானபோது துறைக்குள் பெரிய சலசலப்பு இல்லை. ஆனால் உலகின் பல மூலைகளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் “இது எனக்கும் இருக்கிறது” என்று சொல்லத் தொடங்கினார்கள். தானே இந்தப் பழக்கத்தோடு வளர்ந்த அமெரிக்கர் ஜேன் பிகெல்சன், 2011ல் சிந்தியா ஷுபாக்குடன் சேர்ந்து 90 பேரிடம் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். சிறுவயதுத் துன்பம் எதுவும் இல்லாதவர்களுக்கும் இது வரும் என்பது அப்படித்தான் தெளிவானது. பிறகு 2016ல் இதை அளக்க ஒரு வினாப்பட்டியல் வந்தது. முதலில் 14 கேள்விகள். இசை பற்றிய கேள்விகளையும் சேர்த்து அது 16 ஆனது. இணையத்தில் அது எளிதாகக் கிடைக்கிறது. போட்டுப் பார்க்கலாம், ஆனால் அந்த மதிப்பெண்ணே முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 என்ற கையேட்டிலும், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலிலும் இது தனி நோயாக இடம்பெறவில்லை. அதனால் நீங்கள் பார்க்கும் மருத்துவர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிராமல் இருக்கலாம். அதை நினைத்துச் சோர்ந்துபோக வேண்டாம். அவரிடம் எப்படிச் சொல்வது என்று பின்னால் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு இழுக்கிறது?

கனவு எதையோ கொடுக்கிறது, அதனால்தான் இழுக்கிறது. பாராட்டு கிடைக்காதவருக்கு அங்கே பாராட்டு கிடைக்கிறது. அப்பா இல்லாத பிள்ளைக்கு அங்கே அப்பா இருக்கிறார். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு கைவிட்டவருக்கு அங்கே பட்டம் இருக்கிறது. வேலையிடத்தில் வாய் திறக்கப் பயப்படுகிறவர் அங்கே நீதிமன்றத்தில் வாதாடுகிறார். காத்திருக்கத் தேவையில்லை, யாரிடமும் கேட்கத் தேவையில்லை, பாட்டைப் போட்டால் போதும்.

அப்புறம் வெளியே வரும்போது மூன்று மணி நேரம் போயிருக்கிறது. வேலை அப்படியே கிடக்கிறது. வெட்கமும் குற்றவுணர்வும் சேர்ந்து வருகின்றன. அந்த வலியைப் போக்கத் தெரிந்த ஒரே வழி மறுபடியும் உள்ளே போவதுதான். இந்தச் சுற்றுதான் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறது. 2018ல் உளவியலாளர் நிரித் சோஃபர்-டுடெக்கும் சோமரும் 14 நாட்கள் தொடர்ந்து நாட்குறிப்பு எழுதவைத்துச் செய்த ஆய்விலும், கனவு அதிகமான நாட்களில் மனக்கசப்பும் அதிகமாக இருந்தது. திரும்பத் திரும்ப ஒரே எண்ணம் வந்து தொந்தரவு செய்யும் ஓ.சி.டி. வகை அறிகுறிகளும் கனவோடு நெருக்கமாகச் சேர்ந்து வந்தன. ஆகவே “சும்மா சோம்பேறித்தனம், ரெண்டு போட்டால் சரியாகிவிடும்” என்று சொல்கிறவர்கள், தெரியாமலே அந்தச் சுற்றுக்கு இன்னும் கொஞ்சம் வெட்கத்தை ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

நம் ஊர் வாழ்க்கையும் இதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. போக ஒரு மணி, வர ஒரு மணி ரயிலிலும் பேருந்திலும், காதில் இயர்போனோடு, யாரும் யாரோடும் பேசாமல் போகிறோம். அரசாங்கத்தின் மலிவு விலை பி.பி.ஆர். அடுக்குமாடியில் மூன்று அறைக்குள் ஆறேழு பேர் இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தனியிடம் கிடையாது. அதனால் அது மாடிப்படியில் நடக்கும், குளியலறையில் அரை மணி நேரம் நிற்கும், கீழே நிறுத்தியிருக்கும் காரில் போய் உட்காரும். இரவு வேலைக்காரர்களுக்கு எல்லாரும் தூங்கும் நேரமே தங்கள் நேரம். இவற்றால் கட்டுமீறிய கனவு வருகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் மனசுக்கு இவை தினமும் வாசலைத் திறந்து வைக்கின்றன.

வாசலில்தான் கைவைக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துப்போவதென்றால் இதை எடுத்துப்போங்கள்: கனவின் நடுவில் போய் அதை நிறுத்தப் பார்க்காதீர்கள். வெள்ளத்தில் இறங்கிவிட்டவரை இழுப்பதைவிடக் கரையில் நிற்கும்போதே கையைப் பிடிப்பது எளிது. பலர் செய்வது நேரெதிர். “இனிமேல் கனவே காணக் கூடாது” என்று ஞாயிற்றுக்கிழமை இரவு சபதம் செய்கிறார்கள், செவ்வாய்க்கிழமை உடைந்துபோகிறது, “நான் எதற்கும் லாயக்கில்லை” என்று முன்பைவிட ஆழமாகப் போகிறார்கள். நினைக்கக் கூடாது என்று முயலும் எதுவும் மனசில் இன்னும் உரக்கக் கேட்கும். கற்பனை உங்கள் எதிரி இல்லை. அது உங்களிடம் இருக்கும் ஒரு திறமை. நீங்கள் கூப்பிடும்போது வர வேண்டும், விடும்போது போக வேண்டும், அவ்வளவுதான் குறி.

முதல் வேலை எழுதுவது. கனவின் கதையை எழுதச் சொல்லவில்லை. எப்போது தொடங்கியது, அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது, எங்கே இருந்தீர்கள், காதில் பாட்டு இருந்ததா, எவ்வளவு நேரம் போனது என்று கைப்பேசியில் இரண்டு வரி. ஒரு வாரம் எழுதினாலே ஏதோ ஒரு ஒழுங்கு தெரியும். ஒருவருக்கு அது மேலாளர் திட்டிய நாட்களில் கூடும். இன்னொருவருக்கு எந்த வேலையைத் தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வரும். சிலருக்கு மதியம் சாப்பிட்ட பிறகு. இப்படித் தன்னைத்தானே குறித்துக்கொள்வதற்கே பலன் உண்டு. 2023ல் வெளியான ஓர் ஆய்வில், மனத்தை இப்போது நடப்பதில் நிறுத்தும் பயிற்சியையும் இந்தக் குறிப்பெழுதுதலையும் இணையவழியாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெறக் காத்திருந்தவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கனவின் பிடி நன்றாகத் தளர்ந்தது. இந்தப் பிரச்சினைக்கென்றே முறையாகச் சோதித்துப் பார்த்த முதல் சிகிச்சைகளில் அது ஒன்று என்பதால் அதை நம்பிக்கையோடு சொல்கிறேன்.

இரண்டாவது, இசை. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும், எனக்குத் தெரியும். எல்லாப் பாட்டையும் விடச் சொல்லவில்லை. உங்களை உள்ளே இழுத்துப் போகும் பாட்டுகள் எவை என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் ஒரு சிறு பட்டியல்தான். அவற்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். ரயிலில் இயர்போன் வேண்டுமென்றால் செய்தியோ, பேச்சு நிகழ்ச்சியோ, வானொலியில் அறிவிப்பாளர் பேசுவதையோ கேளுங்கள். அடுத்தவர் பேச்சு குறுக்கே வந்துகொண்டிருந்தால் கதை நகராது. பாட்டே வேண்டுமா, நான்கு பேர் இருக்கும் கூடத்தில் சத்தமாக வைத்துக் கேளுங்கள்.

மூன்றாவது, உடம்பு. அறைக்குள் நடப்பதே உங்கள் வாசல் என்றால், நடையை வெளியே கொண்டுபோங்கள். தித்திவங்சா ஏரிப் பூங்காவில் காதில் ஒன்றுமில்லாமல் ஒரு சுற்று. காலடியில் கல் தட்டுகிறது, எதிரே சைக்கிள் வருகிறது, யாரோ பந்து உதைக்கிறார்கள். மனம் வெளியே வந்தே ஆக வேண்டும். கூட ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. உள்ளே இழுக்கிறது என்று தெரிந்த அந்த நொடியில், குளிர்ந்த நீரில் முகம் கழுவலாம், கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லலாம், உள்ளங்காலைத் தரையில் அழுத்தி மூச்சைக் கவனிக்கலாம். சின்ன விஷயம்தான். ஆனால் தொடக்கத்தில் செய்தால் வேலை செய்கிறது, ஒரு மணி நேரம் கழிந்த பிறகு செய்தால் பலன் குறைவு.

கனவுக்கு நேரம் ஒதுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரவு 8லிருந்து 8:20 வரை, மணியடித்ததும் எழுந்துவிடுவது என்று. சிலருக்கு அது கைகொடுக்கிறது, ஏனென்றால் “இப்போது வேண்டாம், எட்டு மணிக்கு” என்று பகலில் தள்ளிப்போட முடிகிறது. குடிப்பழக்கத்தைப் போல ஒரு துளி போதும், முழுவதும் இழுத்துவிடும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. கதையை எழுதி வைப்பதும் அப்படித்தான்: ஒருவருக்கு எழுதியதும் மனம் இறங்குகிறது, இன்னொருவருக்கு அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடுகிறது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, உங்களுக்கு எது என்று முடிவு செய்யுங்கள்.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் கெட்டால் மறுநாள் கனவு கூடும். படுக்கையில் கைப்பேசியும் இயர்போனும் வேண்டாம்.

இவை எல்லாம் வாசலை அடைப்பவை. அதோடு நின்றால் போதாது. கனவு எதைக் கொடுத்ததோ, அதில் கொஞ்சமாவது வெளியே கிடைக்க வேண்டும். உங்கள் கனவில் திரும்பத் திரும்ப வருவது என்ன என்று நேர்மையாகப் பாருங்கள். மேடையா? அப்படியென்றால் பக்கத்துக் கோயில் பஜனைக் குழுவோ, இசை வகுப்போ, பேச்சாளர் மன்றமோ, எங்காவது வாயைத் திறக்கும் ஓர் இடம் தேவைப்படுகிறது. அடிபட்டுக் கிடப்பதும் யாரோ வந்து பார்த்துக்கொள்வதும் வருகிறதா? அப்படியென்றால் உங்களைக் கவனிக்க யாரும் இல்லை என்ற ஏக்கம் அங்கே இருக்கிறது. அதை ஒரு நம்பிக்கையான ஆளிடம் சொல்ல வேண்டும். கனவில் கிடைப்பதைவிட நிஜத்தில் கிடைப்பது குறைவாகத்தான் இருக்கும், மெதுவாகத்தான் வரும். ஆரம்பத்தில் சப்பென்று இருக்கும். அந்தச் சப்பென்ற சில வாரங்களில்தான் நிறையப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதைத் தாண்டும்வரை கூட யாராவது இருப்பது பெரிய பலம்.

எப்போது மருத்துவரிடம் போவது?

இந்தப் பழக்கம் தனியாக வருவது குறைவு. 2017ல் 39 பேரை விரிவாக நேர்காணல் செய்த ஓர் ஆய்வில், நால்வரில் மூவருக்கு மேல் கவனக்குறைபாட்டுக் கோளாறான ஏ.டி.எச்.டி. இருந்தது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓ.சி.டி. இருந்தது. மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வருவதும் உண்டு. கட்டுமீறிய பகற்கனவுக்கென்றே ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. ஆனால் கூடவே இருக்கும் இந்தப் பிரச்சினைகளுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அவற்றைப் பார்த்துக்கொண்டால் கனவின் இழுப்பும் பலருக்குக் குறைகிறது. அதனால்தான் ஒரு முறையாவது காட்டிக்கொள்ளச் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் குறைந்த செலவில் தொடங்க ஏற்ற இடம் ‘கிளினிக் கெசிஹாத்தான்’ எனப்படும் அரசாங்கச் சுகாதார மருந்தகம். மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). தேவைப்பட்டால் அங்கிருந்தே அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பள்ளியிலேயே ஆலோசக ஆசிரியர் இருக்கிறார், பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் “எனக்குப் பகற்கனவு வருகிறது டாக்டர்” என்று மட்டும் சொன்னால், பெராங்ஙான்தானே (மலாயில் பகற்கனவு), எல்லாருக்கும் வரும் என்று சிரித்து அனுப்பிவிடக்கூடும். நஷ்டத்திலிருந்து தொடங்குங்கள். “ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரம் கற்பனையில் போகிறது. நிறுத்த முயன்றும் முடியவில்லை. அது நிஜமில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு பாடத்தில் தேறவில்லை, இரவில் தூங்குவதில்லை.” இந்த நான்கு வரி போதும். நீங்கள் எழுதி வைத்த ஒரு வாரக் குறிப்பைக் காட்டுங்கள். அது பெயரைவிட அதிகம் பேசும்.

கனவிலிருந்து வெளியே வந்ததும் வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், யாரிடமாவது பேசுங்கள். மனம் உடைந்தவர்களிடம் தொலைபேசியில் பேசும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 24 மணி நேரமும் எடுப்பார்கள்: 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு. உங்கள் மகனோ மகளோ இதை வாய்விட்டுச் சொன்னால், அவர்கள் வாழ்க்கையிலேயே மிகவும் மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கனவு, யார் வருகிறார்கள் என்று துருவிக் கேட்காதீர்கள்; அதைச் சித்தி பெரியம்மாவிடம் சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம். “எவ்வளவு நேரம் போகுதுப்பா? நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?” என்று கேளுங்கள். கதவைத் தட்டித் திடுக்கிட வைப்பதைவிட, கனவு வழக்கமாகத் தொடங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் “வாயேன், கடைக்குப் போயிட்டு வரலாம்” என்று கூப்பிடுங்கள். சமையலில் வெங்காயம் நறுக்கக் கூப்பிடுங்கள். ‘மாமாக்’ உணவுக்கடையில் ஒரு தே தாரிக் தேநீர் குடிக்கும் நேரம், கைப்பேசி இல்லாமல், எதிரே உட்கார்ந்து பேசுங்கள். சில நாள் வருவார்கள், சில நாள் வர மாட்டேன் என்பார்கள். வராத நாளில் கோபிக்காமல் மறுநாளும் கூப்பிடுங்கள்.